செர்ரி தக்காளி நாற்று: அடையாளம் காண்பதும் மாடித் தொட்டியில் வளர்ப்பதும்

சமையலறைக் கழிவு மக்கிய உரத்தைத் தொட்டியில் கொட்டி, இரண்டு மழையும் பெய்துவிட்டால் போதும். விதைக்காத நாற்றுகள் பத்து இருபது தலைநீட்டி நிற்கும். படுமுளையாக வந்த அந்தக் கூட்டத்தில் தக்காளியும் இருக்கும், மணத்தக்காளியும் இருக்கும், மிளகாயும் இருக்கும், ஊமத்தையும் இருக்கலாம். விதைத் தட்டில் பெயர் எழுதிய சீட்டு மழையில் அழிந்துபோனாலும் இதே குழப்பம்தான். களை என்று பிடுங்கிப் போட்டது நல்ல செடியாகவும், ஒரு மாதம் சீராட்டி வளர்த்தது சொடக்குத் தக்காளியாகவும் முடிவது மாடித்தோட்டத்தில் சாதாரணம்.

முளைத்த முதல் வாரத்தில் எதையும் பிடுங்காதீர்கள். முதலில் விரிவது விதைக்குள்ளேயே இருந்த இரண்டு விதையிலைகள். தக்காளிக்கு அவை ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில், ஒடுங்கி, நுனி கூராக, எதிரெதிராக இருக்கும். கத்தரிக்கும் கிட்டத்தட்ட அதே வடிவம். மிளகாயின் விதையிலை சற்று அகலம், வழவழப்பு, பளபளப்பு. மணத்தக்காளியின் விதையிலை சிறியது, முட்டை வடிவம். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் பாதி தவறாகிவிடும்.

சரியான விடை பத்தாம் நாள் வாக்கில், நடுவிலிருந்து முதல் அசல் இலை விரியும்போது கிடைக்கும். தக்காளியின் அசல் இலை தொடக்கத்திலேயே வெட்டுப்பட்டிருக்கும். முதல் இலையில் இரண்டு மூன்று மடிப்பு வெட்டுதான் தெரியும். அடுத்தடுத்த இலைகளில் வெட்டு ஆழமாகி, ஒரே காம்பில் பல சிற்றிலைகளாகப் பிரியும். தொட்டியில் கூடவே முளைக்கும் மிளகாய், கத்தரி, மணத்தக்காளி, சொடக்குத் தக்காளி நாற்றுகளுக்கு இந்த வெட்டு இல்லை. மிளகாய் இலை ஓரம் வெட்டில்லாமல், மயிரில்லாமல், மினுமினுவென்று இருக்கும். கத்தரி இலை உருண்டை கலந்த முட்டை வடிவம்; சாம்பல் பூத்த பச்சை, தடவினால் வெல்வெட் போல இருக்கும். மணத்தக்காளியும் சொடக்குத் தக்காளியும் ஒற்றை இலையாக, முட்டை வடிவில், நுனி கூர்ந்து வரும். அவை இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க நாற்றுப் பருவத்தில் சிரமம். பூ வந்ததும் தெரிந்துவிடும். மணத்தக்காளிக்குச் சின்ன வெள்ளைப் பூ கொத்தாக வரும், சொடக்குத் தக்காளிக்கு வெளிறிய மஞ்சள் பூ தனித்தனியாகத் தொங்கும்.

தண்டைப் பாருங்கள். தக்காளி நாற்றின் தண்டில் பொடி மயிர் அடர்ந்திருக்கும், அடித்தண்டில் பெரும்பாலும் ஊதா சாயை ஓடும். அதைவிட நம்பகமான சோதனை மூக்கு. இலையை இரண்டு விரலால் மெதுவாகத் தேய்த்து முகர்ந்தால் தக்காளிச் செடிக்கே உரிய கார வாசனை அடிக்கும்; நாலைந்து செடியைத் தொட்டுவிட்டால் விரல் நுனியில் மஞ்சள் பச்சைக் கறையே படியும். அந்த மயிர்களின் நுனியில் உள்ள சுரப்பிகள்தான் இரண்டுக்கும் காரணம். மிளகாய்க்கும் கத்தரிக்கும் இந்த வாசனை கிடையாது.

ஏமாற்றுகிற இரண்டு செடிகள் உண்டு. செண்டுமல்லியின் விதையிலையும் ஒடுங்கியது. அசல் இலையும் வெட்டுப்பட்டதுதான். ஆனால் அதன் சிற்றிலைகள் சீப்புப் பல் போல ஒழுங்காக, ஓரத்தில் நுண்ணிய ரம்பப் பல்லோடு, ஜோடி ஜோடியாக எதிரெதிரே வரும். கசக்கினால் பூமாலைக் கடை வாசனை. பார்த்தீனியத்துக்கும் வெட்டு இலைதான். அது தண்டு எழும்பாமல் மண்ணை ஒட்டி வட்டமாக இலை பரப்பும். தக்காளி முதல் நாளிலிருந்தே தண்டின் மேல் நிமிர்ந்து நிற்கும்.

ஊமத்தை வேறு ரகம். விதையிலை தக்காளியைவிட நீளமாக, தடித்து, வெகுநாள் உதிராமல் இருக்கும். அசல் இலை வெட்டில்லாமல் பெரிதாக வரும், கசக்கினால் குமட்டும். சந்தேகம் இருந்தால் பிடுங்கிவிடுங்கள், பிடுங்கியபின் கை கழுவுங்கள். இலை முதல் விதை வரை விஷம். கீரை பறிக்கிற தொட்டியில் மணத்தக்காளி என்று நினைத்து எதையும் விட்டுவைக்க வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு: உருளைக்கிழங்கு இலை போல வெட்டு குறைந்த, அகலமான இலை வரும் தக்காளி ரகங்களும் உண்டு. அவற்றில் கண்ணை நம்பாமல் வாசனையை நம்புங்கள்.

செர்ரியா, பெரிய தக்காளியா?

நாற்றைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. இலை சிறியதாக இருக்கிறது, தண்டு ஒல்லியாக இருக்கிறது, எனவே செர்ரிதான் என்று யாராவது சொன்னால் அது ஊகம். முதல் பூங்கொத்து வரும்வரை காத்திருக்க வேண்டும். சாதாரணத் தக்காளியில் ஒரு கொத்துக்கு நாலு முதல் ஏழெட்டுப் பூ. செர்ரியில் கொத்து நீண்டு, சில ரகங்களில் கிளையும் பிரிந்து, பத்து இருபது பூ வரை போகும். காய் பிடித்தபின் ஒன்றைக் குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் இரண்டே அறைகள் தெரியும். பழம் ஒன்று 10 முதல் 25 கிராம்.

எனவே விதைக்கும் அன்றே பெயரும் தேதியும் எழுதுங்கள். காகிதச் சீட்டு வேண்டாம். ஐஸ்கிரீம் குச்சியில் பென்சிலால் எழுதினால் மழைக்கும் வெயிலுக்கும் அழியாது. மார்க்கர் பேனா எழுத்து மாடி வெயிலில் மூன்று வாரத்தில் வெளிறிவிடும்.

சூப்பர் மார்க்கெட் டப்பாவில் வாங்கிய செர்ரி தக்காளியின் விதையை எடுத்து முளைக்கவைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை வீரிய ஒட்டு ரகங்கள், அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியவை. முளைக்கும், காய்க்கும், ஆனால் தாய்ப் பழத்தின் இனிப்பு எல்லாப் பிள்ளைக்கும் வராது. ஒரு செடியில் புளிப்பு, இன்னொன்றில் தடித்த தோல், மூன்றாவதில் நல்ல பழம் என்று பிரிந்து வரும். சிறிய காய் என்ற குணம் மட்டும் பெரும்பாலும் தொடரும். நாலைந்து செடி வளர்த்து, பிடித்த ஒன்றிலிருந்து விதை எடுத்து, அதையே பல தலைமுறை தொடர்ந்தால் நிலைப்படும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் நாட்டு ரக விதையை வாங்குவது மேல்.

எப்போது விதைப்பது

தக்காளிக்குச் சூடு பிடிக்கும், ஆனால் பூவுக்குப் பிடிக்காது. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25க்குக் கீழே இறங்காத நாட்களில் மகரந்தம் செத்துப் பூ கொட்டும். செர்ரி ரகங்கள் பெரிய தக்காளியைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்; அதற்காகச் சித்திரை வெயிலில் காய்ப்பு எதிர்பார்க்கக் கூடாது.

சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களுக்குக் கார்த்திகையில் விதைப்பது பாதுகாப்பு. நாற்று மழைக்கு ஒதுங்கி வளரும். மார்கழிக் குளிரில் நடலாம். மாசி பங்குனியில் பழம். ஆடியில் விதைத்தால் நாற்று அருமையாக வரும், ஆனால் பழுக்கிற நேரத்தில் ஐப்பசி அடைமழை பிடித்து, பாதிப் பழம் வெடிக்கும். கோவை, திண்டுக்கல் பக்கம் ஆடிப்பட்டமும் நன்றாகவே வரும். ஓசூர், ஏற்காடு, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் கோடையிலும் போடலாம்.

விதைப்பு

நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு மூன்று நான்கு செடி போதும். பத்து விதை போடுங்கள், நல்ல ஆறை வைத்துக்கொள்ளுங்கள், மீதியை அக்கம்பக்கத்தில் கொடுங்கள். ஒரு பாக்கெட் முழுவதையும் தட்டில் தூவி, பிறகு பிடுங்க மனமில்லாமல் அறுபது நாற்றை நெருக்கி வளர்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

குழித்தட்டு இருந்தால் நல்லது. 98 குழித் தட்டு நாற்றங்கால்காரர்களுக்கானது. வீட்டுக்கு 50 குழியே வசதி, குழி பெரிதாக இருப்பதால் தண்ணீர் மறந்த ஒரு நாளைத் தாங்கும். இல்லையென்றால் அடியில் மூன்று ஓட்டை போட்ட காகித டீ கப் போதும். பழைய தட்டாக இருந்தால் சோப்பு போட்டுக் கழுவி ஒரு நாள் வெயிலில் காயவையுங்கள்.

கலவைக்கு இரண்டு பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), ஒரு பங்கு சலித்த மண்புழு உரம். தோட்டத்து மண் வேண்டாம். இறுகும், நோயும் வரும். கோகோபீட்டை அலசாமல் பயன்படுத்தாதீர்கள். தேங்காய் மட்டையில் உப்பு இருக்கும். கட்டியை வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, இரண்டு மூன்று தடவை திரும்பச் செய்ய வேண்டும். பிழிந்த தண்ணீர் கடுங்காப்பி நிறத்திலிருந்து வெளிறிய தேநீர் நிறத்துக்கு வந்தால் போதும். அலசாத கோகோபீட்டில் நாற்று முளைக்கும், ஆனால் இலை ஓரம் கருகி அப்படியே நின்றுவிடும்.

விதை நேர்த்திக்கு, அதாவது நோய் வராமல் விதையில் நுண்ணுயிர்ப் பொடி தடவுவதற்கு, ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் என்பது வயலுக்கான அளவு. பத்து விதைக்கு அளவெல்லாம் பார்க்க முடியாது. ஈர விதையை ஒரு சிட்டிகைப் பொடியில் புரட்டி எடுங்கள், போதும்.

விதை அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் ஆழம். அதற்கு மேல் ஆழம் போனால் தாமதமாகும். மேலாக விட்டாலும் பிரச்சினை: முளை வெளியே வரும்போது விதையோட்டை உரசிக் கழற்ற மேலே கலவை இருக்காது, ஓடு தொப்பி போல விதையிலையைக் கவ்விக்கொண்டு நிற்கும். அப்படி மாட்டிக்கொண்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, கால் மணி நேரம் ஊறியபின் நகத்தால் மெதுவாக எடுங்கள். காய்ந்த ஓட்டை இழுத்தால் தலையே வந்துவிடும்.

முளைக்க 25 முதல் 30 டிகிரி தேவை. ஐந்து முதல் எட்டு நாளில் வந்துவிடும். முளைக்கும்வரை வெளிச்சம் வேண்டியதில்லை, நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் தட்டின் மேல்பரப்பு சுட்டு விதை வெந்துபோகும். தட்டின் மேல் ஈரத் துணியோ செய்தித்தாளோ போட்டு மூடலாம். ஆனால் தினமும் காலை மாலை தூக்கிப் பாருங்கள். முதல் வளைந்த கழுத்து தெரிந்த அன்றே மூடியை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் நாற்று நூலாக நீளும்.

எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போவதும், அணில் கோகோபீட்டைக் கிளறுவதும் நடக்கும். தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் செங்கல் வைத்து அதன்மேல் வைத்தால் எறும்பு வராது. அணிலுக்கு ஒரு கொசுவலைத் துண்டு.

முதல் மூன்று வாரம்

நாற்றுகளைக் கொல்வது இரண்டு: வெளிச்சக் குறைவு, தண்ணீர் மிகுதி. மறதியால் காய்ந்து சாகும் நாற்றைவிட, அன்பால் அழுகிச் சாகும் நாற்று அதிகம்.

முளைத்ததும் காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம், ஒரு வாரத்தில் ஐந்தாறு மணி நேரம் என்று கூட்டுங்கள். ஜன்னல் ஓரத்தில் வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்டு வெளிறி நீளும். அப்படி நீண்டுவிட்டாலும் தூக்கி எறிய வேண்டாம். தக்காளித் தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அந்தத் தண்டிலிருந்தே வேர் விடும். விதையிலைக்குச் சற்றுக் கீழே வரை புதைத்து வேறு கப்பில் மாற்றி, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். மிளகாயிலும் கத்தரியிலும் இவ்வளவு தாராளமாகப் புதைக்க முடியாது.

நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று மண் மட்டத்தில் தண்டு சுருங்கி, நூல் கட்டி இறுக்கியது போல ஒடுங்கிச் சாய்ந்திருந்தால் அது நாற்றழுகல். ஈரத்தில் வாழும் பூஞ்சை வகைகள் காரணம். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. பக்கத்துக் குழியோடு சேர்த்து எடுத்துப் போட்டு, தண்ணீரை நிறுத்தி, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் சூடோமோனாஸ் கலந்து ஊற்றலாம். அது வருமுன் காக்கத்தான் உதவும், வந்தபின் குணமாக்காது.

தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல், தட்டை ஆழமில்லாத பாத்திரத்தில் பத்து நிமிடம் வைத்து அடியிலிருந்து உறியவிடுங்கள். மேல்பரப்பு வெளிறிக் காய்ந்தபின்தான் அடுத்த முறை. தட்டைத் தூக்கிப் பார்த்தால் எடையே சொல்லிவிடும்.

இரண்டு அசல் இலை வரும்வரை உரம் தேவையில்லை. அதன்பின் மண்புழு உரத்தைப் பத்து மடங்கு தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, வாரம் ஒருமுறை கொடுக்கலாம். விதையிலை மூன்று நான்கு வாரத்தில் மஞ்சளாகி உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், அதன் வேலை முடிந்தது. புது இலை மஞ்சளானால்தான் கவலை. இலையின் அடிப்பக்கம் ஊதா ஏறினால் வேர் மணிச்சத்தை (பாஸ்பரஸை) எடுக்கவில்லை என்று பொருள். நம் ஊரில் பெரும்பாலும் வேர் தண்ணீரில் நிற்பதுதான் காரணம்.

நடவு

விதைத்த 25 முதல் 30 நாளில், நாலைந்து அசல் இலையோடு 12 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் நடலாம். நாற்பது நாளைத் தாண்டிய நாற்றில் வேர் கப்புக்குள் சுருண்டு, நட்டபின்னும் சுணங்கும். கப்பிலேயே பூ வைத்திருந்தால் அந்தப் பூவைக் கிள்ளிவிட்டு நடுங்கள். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தண்ணீரைச் சற்றுக் குறைத்து, முழு வெயிலும் காற்றும் படவையுங்கள். ஷேட் நெட்டுக்கு அடியிலேயே வளர்ந்த நாற்றை நேராக மாடி வெயிலில் வைத்தால் இரண்டே நாளில் இலை வெள்ளைக் காகிதமாக வெளுக்கும்.

தொட்டி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பழம் சிறியது என்பதால் செடியும் சிறியது என்று எண்ணி 8 அங்குலத் தொட்டியில் நடுகிறார்கள். செர்ரி ரகங்களில் பெரும்பாலானவை நிற்காமல் வளரும் கொடிவகை. ஆறு ஏழு அடி போகும். ஒரு செடிக்கு 20 லிட்டர் பெயின்ட் வாளியோ, 15க்கு 15 அங்குல க்ரோ பேகோ வேண்டும். குட்டை ரகம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் 10 லிட்டர் போதும். ஈர மண்ணோடு 20 லிட்டர் வாளி இருபது கிலோவைத் தாண்டும் என்பதால் மாடி நடுவில் குவிக்காமல், சுவர் ஓரமாக, தளத்தைத் தாங்கும் விட்டங்கள் மேல் வரிசையாக வையுங்கள். வாளியின் அடியில் ஆறு ஓட்டை, பக்கவாட்டில் அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே நான்கு ஓட்டை.

மண்கலவைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு கோகோபீட், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம். வாளிக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு கலந்து, ஈரமாக்கி, பத்து நாள் வைத்திருந்து பிறகு நடுங்கள். புண்ணாக்கைக் கலந்த அன்றே நட்டால் அது மக்கும் சூட்டில் வேர் கருகும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதால் கெடுதல் இல்லை. இந்தப் பருவத்துக்குப் பலனும் இல்லை, அது கரைய மாதக்கணக்காகும்.

சாயங்காலம் நடுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி ஆழமாக வையுங்கள். நீண்ட நாற்றை நேராகப் புதைக்க ஆழம் போதவில்லையென்றால் வாளிக்குள் படுக்கவைத்துத் தலையை மட்டும் நிமிர்த்தி மூடலாம். அன்றே குச்சியையும் ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் வேரைக் குத்தும். ஆறடி மூங்கில் குச்சி, அல்லது மேலே கம்பியிலிருந்து தொங்கும் சணல் கயிறு. தண்டைக் கட்ட வாழைநாரோ பழைய பருத்தித் துணிக் கிழிசலோ எடுத்து, எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். மெல்லிய நைலான் நூல் தண்டை அறுக்கும்.

காய்க்கும்வரை

இலைக்காம்புக்கும் தண்டுக்கும் நடுவே, கக்கத்தில் பக்கத் தளிர் கிளம்பும். எல்லாவற்றையும் விட்டால் புதராகும், காற்று போகாது, மாவுப்பூச்சி குடியேறும். எல்லாவற்றையும் கிள்ளினால் நம் வெயிலில் பழத்துக்கு நிழல் இல்லாமல் தோல் வெந்து வெளுக்கும். நடுத்தண்டோடு, முதல் பூங்கொத்துக்குக் கீழே உள்ள பலமான ஒரு தளிரையும் விட்டு, இரண்டு தண்டாக ஏற்றுவது தொட்டிக்குச் சரியான அளவு. மற்றவற்றை விரல் நீளம் வருமுன் ஒடித்துவிடுங்கள். குட்டை ரகத்தில் பக்கத் தளிரைத் தொடவே கூடாது, அதில்தான் காய்.

எது குட்டை, எது கொடி என்று தெரியவில்லையா? இரண்டு பூங்கொத்துக்கு நடுவே எத்தனை இலை என்று எண்ணுங்கள். மூன்று மூன்றாகத் தொடர்ந்தால் கொடிவகை. ஒன்று இரண்டாகக் குறைந்து, கடைசியில் தண்டின் நுனியே பூங்கொத்தாக முடிந்தால் குட்டை.

தண்ணீர், வளர்ந்த செடிக்கு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். பங்குனியில் காலையும் மாலையும். அளவைவிட ஒழுங்கு முக்கியம். இரண்டு நாள் காயப்போட்டு மூன்றாம் நாள் வாளி வாளியாக ஊற்றினால், பழத்தின் உள்ளே தண்ணீர் வேகமாக ஏறும். தோல் அந்த வேகத்துக்கு விரியாமல் வெடிக்கும். செர்ரி தக்காளியில் பெரிய குறையே இந்த வெடிப்புதான், இனிப்பும் மெல்லிய தோலும் உள்ள ரகங்களில் இன்னும் மோசம். மண்மேல் இரண்டு அங்குலம் காய்ந்த இலைச் சருகோ வைக்கோலோ மூடாக்குப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நட்ட பதினைந்து நாளிலிருந்து பத்து நாளைக்கொருமுறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யாவோ, 5 மில்லி மீன் அமிலமோ கொடுக்கலாம். பூ வரத் தொடங்கியபின் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரத்தைக் குறைத்து, ஒரு கைப்பிடி மண்புழு உரமும் ஒரு தேக்கரண்டி அடுப்புச் சாம்பலும் மாதம் ஒருமுறை போதும். இலை கரும்பச்சையாக, நுனி சுருண்டு, ஆள் உயரம் வளர்ந்தும் பூவே இல்லையென்றால் உரம் மிகுந்துவிட்டது.

பூ இருக்கிறது, காய் பிடிக்கவில்லை என்றால், காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் பூங்கொத்தின் காம்பை விரலால் நாலு முறை சுண்டுங்கள். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும், ஆனால் அதை உதிர்க்க ஓர் அதிர்வு வேண்டும். அதைக் காற்றும் வண்டும் செய்யும். நாலாவது மாடியில், சுற்றிலும் சுவர் உள்ள மொட்டைமாடியில், இரண்டும் குறைவு.

இலை சுருண்டால்

இங்கேதான் பலர் நல்ல செடியைப் பிடுங்குகிறார்கள், நோயுற்றதை வைத்துக்கொள்கிறார்கள். கீழ் இலைகள் மேல்நோக்கிக் குழல் போலச் சுருண்டு, பச்சை மாறாமல், தடித்து நின்றால் அது வெயிலுக்கும் வறட்சிக்கும் செடி செய்யும் தற்காப்பு. காய்ப்பு குறையாது. ஒன்றும் செய்ய வேண்டாம்.

உச்சித் தளிர் சிறுத்து, இலை கிண்ணம் போல மேலே மடங்கி, ஓரம் மஞ்சளாகி, கணு நெருங்கி, செடி வளர்வதை நிறுத்திவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ். மருந்து இல்லை. சாயங்காலம் பாலித்தீன் பை ஒன்றைச் செடிமேல் கவிழ்த்து, ஈ பறக்காமல் சேர்த்துப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். இரண்டு மாதம் வளர்த்ததை எறிய மனம் வராதுதான்; வைத்திருந்தால் பக்கத்துச் செடிகளும் போகும். நாற்றுப் பருவத்தில் தொற்றினால் ஒரு பழமும் கிடைக்காது, எனவே காவல் அப்போதே வேண்டும்: தட்டின் மேல் நுண்வலை, பக்கத்தில் மஞ்சள் ஒட்டுப்பொறி, வாரம் ஒருமுறை லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு சேர்த்து இலையின் அடியில் படும்படி மாலையில் தெளிப்பது. இளநாற்றுக்கு அளவைப் பாதியாக்குங்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்‌ஷக் போன்ற ரகங்களில் இந்த வைரஸுக்கு எதிர்ப்புத்திறன் உண்டு, ஆனால் அது பெரிய தக்காளி.

இலையில் வெள்ளைக் கோடு பாம்பாக நெளிந்தால் இலைத்துளைப்பான்; அந்த இலையைக் கிள்ளிவிட்டால் போதும். பச்சை மாறாமல் செடி திடீரென வாடி, தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லையா? தண்டின் அடியை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால் போல இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்த மண்ணில் இனித் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் வேண்டாம். இழை இறங்காமல், வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு.

பறிப்பும் அதற்குப் பின்னும்

நட்ட 55 முதல் 65 நாளில் முதல் பழம். கொத்தில் காம்பை ஒட்டியது முதலில் பழுக்கும், நுனி கடைசியில். தினமும் பறித்தால்தான் அணிலுக்கும் சின்னான் குருவிக்கும் முந்த முடியும். அல்லது நிறம் மாறத் தொடங்கியதும் கொத்தை ஒரு வலைப்பையில் கட்டிவிடுங்கள். மழை வரும்போல இருந்தால் பாதி நிறம் ஏறியதைப் பறித்து உள்ளே வைத்தாலும் பழுக்கும், ருசி பெரிதாகக் குறையாது. பங்குனிக்கு மேல் பழம் சிவக்காமல் ஆரஞ்சாகவே நின்றால் நோயில்லை. 30 டிகிரிக்கு மேல் சிவப்புக்கான லைக்கோபீன் உருவாவது தடைபடும், மஞ்சள் நிறமி மட்டும் தொடரும். அதற்காகக் கொடியில் காத்திருந்தால் பழம் மெத்தென்று ஆகிவிடும், ஆரஞ்சிலேயே பறியுங்கள்.

விதைக்கு, நோயில்லாத செடியில் நன்றாகப் பழுத்ததைப் பிதுக்கி, சாறோடு ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு நாள் நிழலில் புளிக்கவிடுங்கள். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு முளைப்பைத் தடுக்கும். புளிக்கும்போது அது கரைந்துவிடும். அலசி, பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். பெயர், மாதம், வருடம் எழுதிய உறையில் போட்டு, மூடி இறுகிய டப்பாவில் வைத்தால் மூன்று நான்கு வருடம் முளைக்கும்.

இன்னும் எளிய வழி, சித்திரையில் செடி ஓயுமுன் ஒடிக்கும் பக்கத் தளிரில் விரல் நீளத்தில் ஒன்றை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் வைப்பது. ஏழு முதல் பத்து நாளில் வேர் விடும்; தாய்ச் செடியின் அதே பழம், ஒட்டு ரகமானாலும் மாறாது. நிழல் பாங்கான இடத்தில் சிறு தொட்டியில் கோடையைக் கடத்தி, ஆடியில் வாளிக்கு மாற்றலாம். இலைச்சுருள் லேசாகத் தெரிந்த செடியிலிருந்து மட்டும் தளிர் எடுக்காதீர்கள், வைரஸும் கூடவே வரும். ஓய்ந்த செடியைப் பிடுங்கிய வாளியில் அடுத்த நடவு கீரையோ கொத்தவரையோ அவரையோ இருக்கட்டும். அந்த மண்ணுக்குத் தக்காளி திரும்ப ஒரு வருடமாவது ஆகட்டும்.